ஒரு கண்ணை முழுதாக மூடுவது: பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பார்வை பார்ப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கிய நாலு வயதுப் பிள்ளை அதை யாரிடமும் சொல்லாது. சொல்ல வார்த்தை இல்லை என்பது ஒரு பக்கம். தனக்கு மங்கலாகத் தெரிகிறது என்பதே அதற்குத் தெரியாது என்பது இன்னொரு பக்கம். பிறந்த நாள் முதல் உலகம் அப்படித்தான் இருந்து வந்திருக்கிறது. நன்றாக இருக்கும் கண் இரண்டு கண்களின் வேலையையும் ஏற்றுக்கொள்கிறது. பிள்ளை ஓடுகிறது, படம் வரைகிறது, தரையில் ஊரும் எறும்பைச் சுட்டிக் காட்டுகிறது. "எங்கள் பிள்ளைக்குக் கண் நன்றாகத் தெரிகிறதே" என்று பெற்றோர் சொல்வதும் உண்மைதான். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்வரை நன்றாகத்தான் தெரியும்.

எழுத்தோ படமோ அச்சிட்ட பார்வை அட்டை, தூரம், வெளிச்சம், பதிவேடு எல்லாம் வேண்டியவைதான். ஆனால் ஒரு கண்ணைச் சந்து இல்லாமல் மூடத் தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. நல்ல கண்ணையே இரண்டு தடவை அளந்துவிட்டு, 'இரு கண்ணும் 6/6' என்று எழுதிக் கொடுத்துவிடுவோம் (6/6 என்பது இயல்பான பார்வை, கீழ் எண் கூடக் கூடப் பார்வை குறைவு). அந்தத் தாளை நம்பி பெற்றோர் பல வருடம் நிம்மதியாக இருப்பார்கள். பரிசோதனையே நடக்காமல் இருந்திருந்தால்கூட எப்போதாவது சந்தேகம் வந்திருக்கும்.

சோம்பேறிக் கண் என்று நாம் சொல்வதில் பெரும்பாலும் கண்ணுக்குள் கெட்டுப்போன பாகம் எதுவும் இருக்காது. ஒரு கண்ணில் பவர் கூடுதலாக இருக்கும், அல்லது கண் சற்று ஒருபக்கம் திரும்பியிருக்கும். அந்தக் கண்ணிலிருந்து வரும் மங்கலான படத்தை மூளை ஒதுக்கத் தொடங்குகிறது. ஒதுக்க ஒதுக்க, அந்தக் கண்ணுக்கான நரம்புப் பாதை வளராமல் நின்றுவிடுகிறது. ஹியூபெல், வீசெல் என்ற இரு விஞ்ஞானிகள் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடி வைத்து இதைத்தான் காட்டினார்கள். அவர்களுக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. வளர்ந்த பூனைக்கு அதே போல் மூடினால் அந்தப் பாதிப்பு வரவில்லை. மனிதக் குழந்தைக்கும் அப்படி ஒரு காலக்கெடு உண்டு. ஏழு வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் பலன் அதிகம். அதற்குப் பிறகும் சில பிள்ளைகளுக்கு முன்னேற்றம் வருகிறது என்பதால் பெரிய பிள்ளைகளைக் கைவிட வேண்டியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு வருடம் தள்ளும்போதும் வேலை கடினமாகிறது. நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஓரளவு பெரிய பள்ளி ஒவ்வொன்றிலும் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தூரமும் அட்டையும்

பெரியவர்களுக்கு 6 மீட்டர் வைத்துப் பார்ப்பது வழக்கம். சின்னப் பிள்ளைக்கு அது ஆகாது. அவ்வளவு தூரத்தில் நிற்பவரை அது கவனிக்காது, நடுவில் யாராவது நடந்தால் போதும், மனம் அவர் பின்னால் போய்விடும். 3 மீட்டர் அட்டைதான் சரி. மூன்று வயதுக்கு 1.5 மீட்டர் அட்டைகளும் உண்டு. எந்தத் தூரத்துக்கு அச்சிட்ட அட்டையோ அதே தூரத்தில்தான் வைக்க வேண்டும். 6 மீட்டர் அட்டையை இடம் இல்லை என்று 3 மீட்டரில் மாட்டிவிட்டு, பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே எழுதினால் 6/12 பார்வை 6/6 ஆகிவிடும்.

குட்டைத் தூரத்துக்கு ஒரு விலை உண்டு. பிள்ளை முன்னால் சாய்ந்தால் கணக்கு வேகமாகக் கெடும். வரிக்கு வரி எழுத்து ஒரே விகிதத்தில் சிறிதாகும் லாக்மார் அட்டையில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் எழுத்தின் அளவு ஏறக்குறைய கால் பங்கு மாறுகிறது. ஆகவே 3 மீட்டரில் 60 சென்டிமீட்டர் முன்னே வந்தால் ஒரு முழு வரி இலவசமாகக் கிடைத்துவிடும். 1.5 மீட்டரில் அதற்கு 30 சென்டிமீட்டர் போதும். நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளை இடுப்பை வளைத்தாலே முப்பது சென்டிமீட்டர் வந்துவிடும். தரையில் டேப் ஒட்டிக் கால் விரலை அதில் வைக்கச் சொல்வது பலரும் செய்வது. ஆனால் பார்ப்பது காலல்ல, கண். அட்டையின் கீழ் விளிம்பில் சரியான நீளத்துக்கு ஒரு கயிற்றைக் கட்டி, ஒவ்வொரு கண்ணையும் பார்க்கும் முன் அதன் நுனியைப் பிள்ளையின் நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் நீட்டிப் பார்ப்பது இதைவிட நம்பகமானது. முதுகு நாற்காலியில் ஒட்டியிருக்கட்டும். நிற்பதைவிட உட்கார்வது நல்லது.

அட்டையை நகல் எடுத்துப் பயன்படுத்துவது பரவலாக நடக்கிறது. நகல் இயந்திரம் தாளுக்குப் பொருந்த வேண்டும் என்று கொஞ்சம் சுருக்கிவிடும், கறுப்பும் சாம்பலாகிவிடும். ஒரு ஸ்கேல் போதும், சரிபார்க்கலாம்: 6 மீட்டர் எழுத்து அட்டையில் 6/6 வரி எழுத்தின் உயரம் 8.7 மில்லிமீட்டர், 6/60 எழுத்து 87 மில்லிமீட்டர். 3 மீட்டர் அட்டையில் இவற்றில் பாதி. பெரிய எழுத்தை அளப்பதே எளிது. பட அட்டைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவற்றின் அளவு வேறு முறையில் நிர்ணயிக்கப்படுகிறது. பளபளப்பான லேமினேஷனும் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு நடு எழுத்துகள் வெள்ளையாகிவிடும், நாம் நிற்கும் கோணத்திலிருந்து அது தெரியவே தெரியாது. ஒரு தடவையாவது பிள்ளையின் நாற்காலியில், பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து அட்டையைப் பாருங்கள். அட்டைக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் சுவரை மாற்றுங்கள்.

கண் மருத்துவர் ஸ்நெல்லன் 1862இல் வெளியிட்ட அட்டையின் வழிவந்தவைதான் இன்றும் பல பள்ளிகளில் தொங்குகின்றன. மேலே ஒரே எழுத்து, கீழே போகப்போக நெருக்கமாகப் பல எழுத்துகள். ஒவ்வொரு வரியும் வேறு வேறு கடினம். 1976இல் பெய்லியும் லோவியும் வடிவமைத்த லாக்மார் அட்டையில் எல்லா வரியிலும் ஐந்து எழுத்துகள், இடைவெளியும் எழுத்தின் அளவுக்கேற்ப. கிடைக்கும் என்றால் அதையே வாங்க வேண்டும். இங்கே இடைவெளி என்பது அழகுக்கான விஷயம் அல்ல. சோம்பேறிக் கண் தனியாக நிற்கும் எழுத்தை ஓரளவு நன்றாகவே படித்துவிடும், அதையே பக்கத்து எழுத்துகளோடு சேர்த்து வைத்தால் தடுமாறும். அதனால் ஒவ்வொரு எழுத்தாகத் தனி அட்டையில் காட்டும் முறை, நாம் தேடும் அதே பிள்ளையைத் தப்ப விடுகிறது. வரியாகக் காட்ட வேண்டும். ஒன்றொன்றாகத்தான் காட்ட முடியும் என்றால், படத்தைச் சுற்றி நாலு பக்கமும் கோடு போட்ட அட்டையைப் பயன்படுத்த வேண்டும். மற்ற எழுத்துகளை வெள்ளைத்தாளால் மறைத்து ஒன்றை மட்டும் காட்டுவதும் இதே தவறுதான்.

எழுத்து தெரியாத பிள்ளைக்கு இரண்டு வழிகள் நன்றாக வேலை செய்கின்றன. ஒன்று, பின்லாந்துக் கண் மருத்துவர் லீ ஹுவாரினென் உருவாக்கிய லீ படங்கள்: ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம். மங்கும்போது நாலும் ஒரே மாதிரி உருண்டையாகிவிடும் என்பதுதான் அதன் சிறப்பு, ஊகிக்க இடம் கொடுக்காது. இரண்டாவது எச், ஓ, டி, வி என்ற நாலு ஆங்கில எழுத்து அட்டை. நாலும் இடவலம் திருப்பினாலும் மாறாதவை, அதனால் திசை குழம்பும் பிள்ளைக்கும் ஒத்துவரும். கப்பல், கை, குதிரை என்று பலவகைப் படங்கள் அச்சிட்ட அட்டைகளை ஒதுக்கிவிடலாம். ஒவ்வொரு படமும் ஒவ்வொரு அளவில் கண்டுபிடிக்கக்கூடியதாக இருக்கும், குதிரையை வாலை வைத்தே சொல்லிவிடும். ஆங்கில ஈ (E) எழுத்தை நாலு பக்கமும் திருப்பி அச்சிட்ட அட்டை ஆறு வயதுக்கு மேல் நல்ல அட்டை. நாலு வயதில் பிள்ளை தவறாகக் கை காட்டினால், தெரியவில்லையா அல்லது வலது இடது குழம்புகிறதா என்று பிரித்தறிய முடியாது.

மூடுவது

கையால் மூடச் சொல்வதே மிகப் பெரிய ஓட்டை. விரலிடுக்கு வழியாகப் பார்க்கும். "அழுத்தி மூடு" என்றால் உள்ளங்கையால் கண்ணையே அழுத்தும், அடுத்து அந்தக் கண்ணைப் பார்க்கும்போது சில நொடிகள் மங்கலாக இருக்கும். கரண்டி வடிவப் பிளாஸ்டிக் மறைப்பானும் சின்னப் பிள்ளையின் கையில் நிலையாக நிற்காது, மூக்குப் பக்கம் விலகும். பிள்ளை ஏமாற்ற நினைத்து இப்படிச் செய்வதில்லை. தெரியாததைப் பார்க்கத் தலையைத் திருப்புவது இயல்பு, திருப்பும்போது மூக்குப் பக்கத்துச் சந்து வழியாக மூடிய கண் வெளியே வந்துவிடும்.

நம்பக்கூடியது கண்ணில் ஒட்டும் பட்டைதான். அது இல்லாவிட்டால் 5 சென்டிமீட்டர் அகல மைக்ரோபோர் டேப்பில் கண் அளவுக்கு ஒரு பஞ்சுத் துண்டை வைத்து ஒட்டலாம். முதலில் நம் சட்டைக் கையில் ஒரு தடவை ஒட்டி எடுத்தால் பசை கொஞ்சம் குறையும், உரிக்கும்போது புருவம் வலிக்காது. மூக்கோரத்தை விரலால் நீவி ஒட்டுங்கள், சந்து அங்கேதான் விழும். பட்டை போட்ட கண் உள்ளே மெதுவாக மூடியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, வெளிச்சம் வராமல் இருந்தால் போதும். ஒரு பிள்ளைக்கு ஒட்டியதை இன்னொரு பிள்ளைக்கு ஒட்டக்கூடாது. பிளாஸ்திரி ஒட்டினால் தோல் தடிக்கும் என்று வீட்டிலிருந்து சொல்லியிருந்தால், ஒரு பக்கம் முழுதாக அடைத்த விளையாட்டுக் கண்ணாடியைப் போடலாம், அதன் விளிம்பு மூக்கோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு. கண் சிவந்து பீளை தள்ளும் பிள்ளைக்கு அன்றைக்குப் பரிசோதனை வேண்டாம். பெயரைக் குறித்து வைத்து, ஆறிய பிறகு கூப்பிட வேண்டும்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அட்டைப் பக்கம். இன்னொருவர் பிள்ளையின் பக்கவாட்டில் உட்கார்ந்து முகத்தை மட்டும் பார்ப்பவர்: தலை திரும்புகிறதா, தாடை மேலே போகிறதா, உடம்பு முன்னே சாய்கிறதா, கண்ணைச் சுருக்குகிறதா. கண்ணைச் சுருக்கினால் சின்ன ஓட்டை வழியாகப் பார்ப்பது போல் பார்வை தற்காலிகமாகத் தெளிவாகும். "கண்ணை நல்லாத் திறந்து பாரு கண்ணா" என்று மெதுவாகச் சொல்லி மறுபடி கேட்க வேண்டும். அட்டையைப் பார்த்துக்கொண்டே ஒருவரால் இதையெல்லாம் கவனிக்க முடியாது. ஆள் பற்றாக்குறை என்றால் ஒரு நாளில் பார்க்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், இந்த இரண்டாவது ஆளைக் குறைக்கக்கூடாது.

பட்டை ஒட்டும்போது பிள்ளை நடந்துகொள்வதே ஒரு தகவல். ஒரு கண்ணை மூடினால் பேசாமல் இருந்து, மற்றக் கண்ணை மூடியதும் அழுது பட்டையைப் பிய்த்தால், அது அடம் என்று நினைத்துவிட வேண்டாம். திறந்திருக்கும் கண்ணில் அதற்குச் சரியாகத் தெரியவில்லை என்பதாக இருக்கலாம். அதைத் தாளில் எழுதுங்கள்.

கேட்கும் விதம்

முதலில் இரண்டு கண்ணும் திறந்தபடி, பக்கத்தில் வைத்து விளையாட்டாகப் பழக்க வேண்டும். லீ படத்தில் வட்டத்தைப் பந்து என்றாலும், சதுரத்தைப் பெட்டி என்றாலும், ஆப்பிளை இதயம் என்றாலும் சரிதான். ஒவ்வொரு தடவையும் அதே பெயரைச் சொல்கிறதா என்பதுதான் கேள்வி. பேசாத பிள்ளையின் மடியில் நாலு படமும் உள்ள அட்டையை வைத்து, அங்கே காட்டுவதை இங்கே தொட்டுக் காட்டச் சொன்னால் போதும். இந்தப் பழக்கத்துக்கு ஒரு நிமிடம் செலவழித்தால் பின்னால் மூன்று நிமிடம் மிச்சம்.

வழக்கமாக வலது கண்ணை முதலில் பார்க்கிறோம். அதே வரியை இடது கண்ணுக்கும் காட்டினால் பிள்ளை நினைவிலிருந்து சொல்லும். நாலைந்து வயதில் ஐந்து படங்களின் வரிசையை மனப்பாடம் செய்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. இதனால் தப்புவது பெரும்பாலும் இடது கண்ணின் குறை. இரண்டாவது கண்ணுக்கு வேறு அட்டை, அல்லது குறைந்தபட்சம் அதே வரியைப் பின்னாலிருந்து முன்னாகக் கேட்பது. வரிசையில் காத்திருக்கும் பிள்ளைகள் அறைக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே நின்றால் பத்தாவது பிள்ளை வருவதற்குள் அட்டை முழுவதும் வகுப்புக்கே மனப்பாடம்.

விடை சரியானாலும் தவறானாலும் ஒரே குரலில் "சரி, அடுத்தது" என்று சொல்லிப் பழக வேண்டும். "நல்லாப் பாரு" என்று சொன்னாலே தவறு என்று பிள்ளைக்குப் புரிந்து விடையை மாற்றிவிடும். குச்சியால் சுட்டுவதென்றால் எழுத்துக்குக் கீழே ஒரு நொடி காட்டி எடுத்துவிடுங்கள். ஒட்டி வைத்தபடி நின்றால் பிள்ளைக்கு எழுத்தைப் பிரித்துக் காட்டி உதவியதாகிவிடும்.

தேறும் வரி வயதைப் பொறுத்தது. மூன்று வயது முடிந்த பிள்ளை 6/15, நாலு வயது முடிந்தால் 6/12, ஐந்து முடிந்தால் 6/9.5. சில அட்டைகளில் கடைசியது 6/9 என்று அச்சாகியிருக்கும். ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக, வரியிலுள்ள ஐந்தில் குறைந்தது மூன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும். ஐந்தில் மூன்று என்ற விதிக்குள் ஒரு பலவீனம் இருக்கிறது: நாலு விடைகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் சொல்லிக்கொண்டே போனாலும் நூற்றில் பத்துப் பேர் மூன்று சரியாகச் சொல்லித் தேறிவிடுவார்கள். ஐந்தில் நாலு என்று வைத்தால் அது நூற்றில் ஒன்றிரண்டாகக் குறையும். விதியை நாமாக மாற்ற வேண்டியதில்லை. ஆனால் தயங்கித் தயங்கி மூன்று மட்டும் சொன்ன பிள்ளைக்கு, அதே அளவில் இன்னொரு அட்டையைக் காட்டி உறுதி செய்ய வேண்டும்.

ஐந்து வயதுக்கு மேல் தேறும் வரியோடு நிறுத்தாமல், ஒவ்வொரு கண்ணும் எந்த வரி வரை போகிறது என்று பார்ப்பது நல்லது. ஒரு கண் 6/6, மற்றது 6/9.5 என்றால் இரண்டுமே தேறிய கணக்கு, ஆனால் இடையில் இரண்டு வரி வித்தியாசம். இந்தப் பிள்ளையைக் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மூன்று, நாலு வயதில் அத்தனை வரி கேட்கப் பொறுமை இருக்காது, தேறும் வரி மட்டும் போதும்.

கண்ணாடி போடும் பிள்ளைக்குக் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். மறந்து வந்திருந்தால் இன்னொரு நாள். கண்ணாடியோடு தேறாவிட்டால் அதுவும் மருத்துவரிடம் அனுப்ப வேண்டியதுதான்.

அட்டைக்குத் தெரியாதவை

அட்டையைக் காட்டும் முன் பிள்ளையின் முகத்தை அரை நிமிடம் பாருங்கள். இமை தொங்குகிறதா, தலை ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறதா, கருவிழிகள் நடுங்குகின்றனவா. முகத்துக்கு நேராகச் சுமார் 33 சென்டிமீட்டரில் சின்ன டார்ச்சைப் பிடித்தால் இரண்டு கண்ணிலும் ஒளிப்புள்ளி தெரியும். இரண்டிலும் ஒரே இடத்தில், கண் பாவையின் நடுவுக்கு அருகில், மூக்குப் பக்கம் இம்மி தள்ளி இருக்க வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் இடம் மாறியிருந்தால் மாறுகண்ணாக இருக்கலாம். மூக்குத்தண்டு அகலமான பிள்ளைகளுக்கு வெறும் கண்ணால் பார்க்கும்போது மாறுகண் போலத் தோன்றும், புள்ளி சரியாக இருக்கும். வீணாகப் பயமுறுத்தாமல் இருக்க இந்த டார்ச் உதவும். ஆனால் சிறிய அளவு மாறுகண்ணும், எப்போதாவது வந்துபோகும் மாறுகண்ணும் டார்ச்சில் பிடிபடாமல் போகலாம். வீட்டில் பார்த்ததாகப் பெற்றோர் சொன்னால், புள்ளி சரியாக இருந்தாலும் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கண் பாவைக்குள் வெண்மை தெரிந்தால் அது வேறு அவசரம். புகைப்படங்களில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழுகிறது என்று பெற்றோர் காட்டினாலும் அப்படித்தான். பிறவிக் கண்புரையாக இருக்கலாம், விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். பட்டியல் தயாராகட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே பெற்றோரிடம் பேசி, ஓரிரு நாளுக்குள் கண் மருத்துவர் முன் பிள்ளை உட்கார்ந்திருக்கும்படி செய்ய வேண்டும்.

தூரப்பார்வை, அதாவது அருகில் பார்க்கக் கண் கூடுதலாக முயல வேண்டிய குறை, அட்டையில் எளிதில் அகப்படாது. சின்னப் பிள்ளையின் லென்ஸ் மிகவும் வளைந்துகொடுக்கும், மூன்று நாலு பவர் குறையைக்கூடத் தன் முயற்சியால் ஈடுகட்டி வரியைப் படித்துவிடும். அந்த முயற்சியின் விலை பிறகு தலைவலியாகவோ, படிப்பில் ஒட்டாமையாகவோ, கண் உள்நோக்கித் திரும்புவதாகவோ வெளிப்படும். +2 லென்ஸ் கண்ணாடியை அரை நிமிடம் போடவைத்து அட்டையைக் காட்டிப் பார்ப்பது ஒரு வழி. சாதாரணக் கண்ணுக்கு மங்க வேண்டும். மங்காமல் படித்தால் அனுப்புங்கள். இதுவும் எல்லோரையும் பிடிக்காது. புத்தகத்தை மூக்குக்கு அருகில் கொண்டுபோகிறது, படிக்கும்போது ஒரு கண்ணைப் பொத்துகிறது என்று ஆசிரியர் சொன்னால் அட்டையில் தேறியிருந்தாலும் அனுப்பலாம். நாள் முழுவதும் பிள்ளையோடு இருப்பவர் கண்ணில் படுவது நம் ஐந்து நிமிடத்தில் படாது.

கேமரா போன்ற ஸ்கிரீனிங் கருவிகள் இப்போது பரவலாகிவிட்டன. சுமார் ஒரு மீட்டர் தூரத்திலிருந்து சில நொடியில் இரண்டு கண்ணின் பவரையும் ஊகித்துச் சொல்லும். பேசாத, ஒத்துழைக்காத, மூன்று வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கு மிகவும் உதவும். அறை சற்று மங்கலாக இருக்க வேண்டும், வெளிச்சத்தில் பாவை சுருங்கினால் கருவி 'முடியவில்லை' என்று சொல்லிவிடும். ஆனால் அது அளப்பது குறை வருவதற்கான வாய்ப்பை. பிள்ளைக்கு என்ன தெரிகிறது என்பதை அது அளப்பதில்லை. அட்டை படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அட்டையும் பார்க்க வேண்டும். கருவி காட்டும் பவரை வைத்துக் கண்ணாடி எழுதவே கூடாது. பிள்ளை அருகில் பார்ப்பது போல லென்ஸை இறுக்கிக்கொண்டால் இல்லாத கிட்டப்பார்வை திரையில் தோன்றும்.

முடியாத பிள்ளையும் அனுப்பிய பிள்ளையும்

எவ்வளவு செய்தும் சில பிள்ளைகள் பதில் சொல்லாது. பதிவேட்டில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதி மூடிவிடுவது வழக்கம். இதைப் போல் நட்டம் தரும் வழக்கம் வேறில்லை. அமெரிக்காவில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் நடந்த பெரிய பார்வை ஆய்வில், பரிசோதிக்க முடியாமல் போன பிள்ளைகளுக்குக் கண் குறை இருக்கும் வாய்ப்பு, தேறிய பிள்ளைகளைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு என்று தெரிந்தது. தெரியாததைச் சொல்லச் சொன்னால் எந்தப் பிள்ளைதான் ஒத்துழைக்கும்? அதே நாளில் ஓய்வு கொடுத்து இன்னொரு தடவை, அல்லது சில வாரங்களுக்குள் ஒரு காலை வேளையில் மறுபடி பாருங்கள். பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் இருக்கும் பிள்ளையைக் கூப்பிட வேண்டாம். இரண்டாவது தடவையும் முடியாவிட்டால், தேறாத பிள்ளையை அனுப்புவது போலவே அனுப்ப வேண்டும்.

பதிவில் 'நார்மல்' என்ற சொல்லே வேண்டாம். ஒவ்வொரு கண்ணுக்கும் எண், கண்ணாடியோடா இல்லாமலா, எந்த அட்டை, எந்தத் தூரம். எதிரே உட்கார்ந்த பிள்ளையின் வலது கண் நமக்கு இடப்பக்கம். மூடிய கண்ணை எழுதுவதா, பார்த்த கண்ணை எழுதுவதா என்ற குழப்பமும் சேர்ந்தால் வலது இடதாகும். தாளின் தலைப்பிலேயே 'பார்த்த கண்' என்று அச்சிட்டுவிடுங்கள்.

பெற்றோருக்குக் கொடுக்கும் சீட்டில் 'தோல்வி' என்ற சொல் இருக்கக்கூடாது. எந்தக் கண்ணில் எவ்வளவு தெரிந்தது, கண் மருத்துவரை எத்தனை வாரத்துக்குள் பார்க்க வேண்டும் என்று எழுதினால் போதும். சொட்டு மருந்து பற்றி முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். பிள்ளையின் லென்ஸ் இறுகாமல் இருக்க மருந்து போட்டுத்தான் சரியான பவரைக் கண்டுபிடிக்க முடியும். வழக்கமாகப் போடும் சைக்ளோபென்டோலேட் மருந்தில் அருகில் இருப்பது மங்கலாகத் தெரிவதும் வெயிலில் கூசுவதும் ஒரு நாள் வரை இருக்கலாம், அட்ரோபின் என்றால் ஒரு வாரத்துக்கும் மேல் நீளும். முன்பே தெரியாத பெற்றோர் மருந்து பிள்ளையின் கண்ணைக் கெடுத்துவிட்டது என்று பயந்து மறுபடி போகாமல் இருந்துவிடுவார்கள்.

சீட்டுக் கொடுத்த தேதி, மருத்துவர் பார்த்த தேதி, கண்ணாடி முகத்தில் ஏறிய தேதி என்று மூன்று கட்டங்கள் பதிவேட்டில் வேண்டும். இரண்டாவது கட்டம் காலியாக இருக்கும் பெயர்களைத் தொலைபேசியில் கூப்பிட ஒருவர் பொறுப்பேற்காவிட்டால், பல பெயர்களுக்கு அது காலியாகவே நிற்கும். கண்ணாடி கிடைத்த பிள்ளை அதை விரும்பிப் போடும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. சோம்பேறிக் கண்ணுக்குக் கண்ணாடி போட்ட அன்றே எதுவும் தெளிவாகிவிடாது, மூளை கற்றுக்கொள்ள வாரங்கள் ஆகும். முதல் நாலு மாதம் வரை கண்ணாடி மட்டுமே பார்வையை ஏற்றிக்கொண்டு போவது உண்டு, சில பிள்ளைகளுக்கு அதுவே முழுச் சிகிச்சை. இதை ஆசிரியருக்கும் வீட்டுக்கும் சொல்லுங்கள். எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ், காதைச் சுற்றிப் பிடிக்கும் கம்பி, மூக்கில் வழுக்காத அளவு. வழுக்கினால் பிள்ளை கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும், பவர் வீண்.

அதற்குப் பிறகும் குறை மிச்சமிருந்தால் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடச் சொல்வார்கள். மிதமான குறைக்குத் தினமும் 2 மணி நேரம், கடுமையானதற்கு 6 மணி நேரம் என்று தொடங்குவது வழக்கம். மூடுவதன் ரகசியம் இங்கேயும் அதேதான்: பட்டை தோலில் ஒட்டியிருக்க வேண்டும், கண்ணாடிக்குக் கீழே. கண்ணாடியின் மேல் ஒட்டினால் பிள்ளை பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும். பட்டை நேரம் பள்ளியில் வருகிறது என்றால் பிள்ளையை முன் பெஞ்சில் உட்கார வைத்து, மாடிப்படியில் ஒருவர் கூட வர ஏற்பாடு செய்யுங்கள். வகுப்புக்கு ஒரு வாக்கியத்தில் விளக்கிவிடுங்கள், கிண்டலுக்குப் பயந்துதான் பல பட்டைகள் பள்ளி வாசலிலேயே உரிக்கப்படுகின்றன. பட்டை ஒத்துவராத பிள்ளைகளுக்கு நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டு மங்க வைக்கும் வழியும் உண்டு. எது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

பட்டையை நிறுத்திய முதல் வருடத்தில், குணமான பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குப் பார்வை மறுபடி குறைகிறது. அவர்களும் வெளியே ஒன்றும் சொல்ல மாட்டார்கள், நல்ல கண் திரும்பவும் வேலையை ஏற்றுக்கொண்டிருக்கும். அதனால் அடுத்த வருடப் பரிசோதனைக்குப் பட்டியல் போடும்போது, குணமானவர்கள் என்று இந்தப் பெயர்களை விட்டுவிடாமல், மேலே முதல் வரிசையில் எழுதுங்கள்.